காணாத சாட்சி

தமிழ்நாட்டிலிருந்து டில்லிக்குப் படிக்க வந்த நம்மில் பலருக்கு முதல் இடர் மொழியன்று, பெயர். "குடும்பப் பெயர் எங்கே?" என்று கேட்கிறார்கள். ஒரு சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னே, மற்றொன்றில் பின்னே, வேறொன்றில் தந்தையின் முழுப்பெயர். மூவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரியின் முத்திரை பெற்று வரும்படி அனுப்பிவிடுகிறார்கள்.

அப்படித்தான் சென்ற ஆண்டு நானும் ஒரு நீதிமன்ற வாயிலுக்குச் சென்றேன். மரத்தடியில் ஒரு மேசை; அதன் பின்னே ஒரு குமாஸ்தா. நோட்டரியாகிய வக்கீல் அங்கு இல்லை. அவர் முன்னதாகவே ஒப்பமிட்டு வைத்த தாள்கள் இருந்தன! குமாஸ்தா என் முகத்தை நிமிர்ந்தும் பாராமல் முத்திரை குத்தினார். "என் முன்னிலையில் உறுதி கூறிக் கையொப்பமிட்டார்" என்னும் வாசகத்தின் கீழே, நான் ஒருநாளும் கண்டிராத ஒருவரின் கையெழுத்து. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்த மகிழ்ச்சியில் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நான் சட்ட மாணவன் என்பதை இங்கே வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

என் பத்திரத்தில் இருந்தது உண்மை. ஆகவே கேடு விளையவில்லை. ஆனால் படுக்கையில் கிடக்கும் ஒரு மூதாட்டியின் பெயரில் பொய்யான அதிகாரப் பத்திரம் ஒன்றை எவனாவது அதே மேசைக்குக் கொண்டுவந்திருந்தால்? அதற்கும் அதே முத்திரைதானே விழுந்திருக்கும்! நோட்டரி சான்றளித்த அதிகாரப் பத்திரம் முறையாக எழுதப்பட்டதென்றே நீதிமன்றம் முதலில் கொள்ள வேண்டும். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலிருந்த இந்த விதி, 2023-இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அது பொய்யென்று காட்டும் சுமை, பாவம், அந்த மூதாட்டியின் தலையில்!

இதற்குத் தண்டனை இல்லையா? உண்டு. 1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டப்படி, விசாரித்துக் குற்றவாளி என்று கண்டால் அரசாங்கம் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். ஆனால் நோட்டரிப் பணியில் செய்த குற்றத்துக்காக வழக்கு நடத்த வேண்டுமானால், அரசு அதிகாரம் அளித்த அலுவலர் எழுத்து மூலம் முறையிட்டாலன்றி நீதிமன்றம் அதை ஏற்கக் கூடாது என்கிறது 13-ஆம் பிரிவு. ஏமாந்தவர் தாமே கதவைத் தட்ட முடியாது.

நோட்டரிப் பதவி போனாலும் கறுப்பு அங்கி போய்விடுவதில்லை. மறுநாளே அவர் வக்கீலாக வாதாடலாம். "வக்கீல் தொழில் வேறு, நோட்டரி பணி வேறு, இதில் பார் கவுன்சிலுக்கு என்ன வேலை?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. 1956-ஆம் ஆண்டு விதிகளின்படி, பொதுவாக 10 ஆண்டுகள் வக்கீலாக இருந்தவரே நோட்டரியாகலாம். அங்கியின் நம்பிக்கையால் வந்ததல்லவா அந்த முத்திரை? முத்திரையால் வந்த இழுக்கு மட்டும் அங்கியை எப்படித் தொடாமற் போகும்? மேலும், 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் 35-ஆம் பிரிவில், தொழில்முறைத் தவறு மட்டுமன்றிப் பிற தவறொழுக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. கையொப்பமிட்டவர் நேரில் வராமலே பிரமாணப் பத்திரத்துக்குச் சான்றளித்த ஒரு வக்கீலின் செயலைத் தொழில் ஒழுக்கக் கேடென்றே 1984-இல் சுப்ரீம் கோர்ட் தீர்மானித்தது.

எல்லாப் பிழைக்கும் ஒரே தண்டனை தருக என்று நான் கூறவில்லை. கண்டனம், சில காலத் தடை, பெயர் நீக்கம் என மூன்று படிகள் சட்டத்திலேயே உள்ளன. தேதியைத் தவறாக இட்டவருக்கும், ஒப்பமிட்ட வெற்றுத்தாளைக் குமாஸ்தாவிடம் விட்டுச் சென்றவருக்கும் வேறுபாடு காண்பதே நீதி. நான் வேண்டுவன இரண்டு: தவறொழுக்கத்துக்காக ஒருவரை நோட்டரிப் பதிவேட்டிலிருந்து நீக்கியதும் அந்த உத்தரவு தானாகவே பார் கவுன்சிலுக்குச் செல்ல வேண்டும், ஏமாந்தவரே நேரில் வழக்குத் தொடர 13-ஆம் பிரிவு வழிவிட வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. விரைவை விரும்பி அந்த மேசையை வாழவைப்பவர்கள் நாம்தாம். அடுத்த முறை நோட்டரி வரும்வரை நான் மரத்தடியில் காத்திருப்பேன். நீங்களும் வாருங்கள், நண்பர்களே, பேசிக்கொண்டிருக்கலாம்.