டி.வி.க்கு வராமலே தொலைந்த பொம்மைப் படங்கள்

ஆடிக் கடைசி வெள்ளி என்றால் சாத்தூர் பக்கம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிற பாதையெல்லாம் ஒரே ஜனம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் அணைத்துக் கிடக்கும் அந்த ஊரில் அக்கினிச்சட்டி, கண்மலர், மாவிளக்கு என்று பெரியவர்களுக்கு எத்தனையோ நேர்த்திக்கடன். குழந்தைகளுக்கு ஒன்றே ஒன்றுதான்: பலூன் வாங்கியாக வேண்டும்!

எந்தத் திருவிழாவிலும் பலூன்காரர் கம்பில் தொங்குகிற முகங்களைக் கவனித்திருக்கிறீர்களா? சோட்டா பீம், டோரா, டோரேமான். ஒன்று ஹைதராபாத், ஒன்று அமெரிக்கா, ஒன்று ஜப்பான். தமிழ்நாட்டில் வரைந்து, தமிழ்நாட்டில் பேச வைத்த முகத்தைத் தேடினால் கை வலிக்கும். இங்கே யாருக்கும் வரையத் தெரியாதா என்ன? தெரியும். முயன்றும் இருக்கிறார்கள். அந்த முயற்சிகளில் பல, 'பைலட்' என்ற வாசலோடு நின்றுவிடுகின்றன.

அது என்ன பைலட்? சிவகாசிக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். புது ரகப் பட்டாசு ஒன்று வந்தால், வியாபாரி எடுத்த எடுப்பில் லாரி லோடு கேட்க மாட்டார். 'சாம்பிள் வெடித்துக் காட்டுங்க' என்பார். அதுமாதிரிதான் இதுவும். ஒரு கார்ட்டூன் தொடரை சேனலிடம் விற்க, முதலில் கதாபாத்திரங்களின் படங்கள், கதைச் சுருக்கம் எல்லாம் அடங்கிய ஃபைல் தயாராகும். கூடவே சில நிமிடங்கள் ஓடும் மாதிரிப் படம் ஒன்று. அதுதான் பைலட். சேனலுக்குப் பிடித்தால் தொடர். பிடிக்காவிட்டால்?

சாம்பிள் வெடியின் கதிதான். வெடித்தது வெடித்ததுதான். புகை கலைந்ததும் எதுவும் மிஞ்சாது.

சில நிமிடம்தானே என்று நினைக்க வேண்டாம். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். கையால் வரைகிற படங்களில் ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்துச் சிக்கனம் செய்தாலும் நொடிக்கு 12 ஓவியம், நிமிடத்துக்கு 720. ஐந்து நிமிடப் படத்துக்கு 3,600 ஓவியங்கள்! பின்னணி, குரல், இசை எல்லாம் தனி. சம்பளம் வருமா என்று தெரியாமலே இத்தனையும் செய்து முடிக்கும் குழுக்கள் உண்டு.

வந்தவையும் வராதவையும்

நம் ஊர் அனிமேஷனுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காலம் இருந்தது. சென்னையின் பென்டாமீடியா கிராஃபிக்ஸ் கைவைத்த 'சின்பாத்: பியாண்ட் தி வெய்ல் ஆஃப் மிஸ்ட்ஸ்' 2000-ல் வந்தது. நடிகர்களின் அசைவை அப்படியே பதிவுசெய்யும் மோஷன் கேப்சர் முறையில் முழுக்க உருவான முதல் முழுநீள கணினி அனிமேஷன் படம் என்ற பெயர் அதற்கு உண்டு. ஹாலிவுட்டே திரும்பிப் பார்த்த வேலை. ஆனால், அந்த வேகத்தில் ஒரு தமிழ்க் குழந்தைகள் தொடர் வீட்டு டி.வி.க்கு வந்து சேரவில்லை.

2007 ஏப்ரலில் சுட்டி டி.வி. தொடங்கியபோது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால், அவர்கள் மனதில் ஒட்டிக்கொண்டவை 'டோராவின் பயணங்கள்', ஜாக்கி சான் என்று பெரும்பாலும் தமிழ் பேசிய வெளிநாட்டுப் படங்கள். எங்கோ ஏற்கெனவே எடுத்து முடித்த தொடருக்குக் குரல் மட்டும் கொடுப்பது, புதிதாக ஒன்றை வரைவதைவிடப் பல மடங்கு மலிவு. சேனலின் கணக்கு அது. பைலட்டுகள் தோற்பது பெரும்பாலும் ஓவியத்தில் அல்ல, இந்தக் கணக்கில்.

சூப்பர் ஸ்டார் பெயரே துணை இருந்தும் தப்பாத கதை ஒன்று உண்டு. சௌந்தர்யா ரஜினிகாந்தின் ஆக்கர் ஸ்டூடியோஸ் 'சுல்தான் தி வாரியர்' என்ற அனிமேஷன் படத்தை அறிவித்தது. இசை ஏ.ஆர்.ரஹ்மான். டீசரும் வந்தது. படம் வரவில்லை. பின்னர் 2014 மே மாதம் வெளியானது வேறொரு படம், 'கோச்சடையான்'. குழந்தைகள் தொடர் இல்லைதான். ஆனால், ரஜினி படத்துக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத நான்கு இளைஞர்கள் எடுத்த ஐந்து நிமிடப் பைலட்டுக்கு யார் காவல்?

பொழைத்த பைலட்

அமெரிக்காவில் பென்டில்டன் வார்டு என்ற இளைஞர் ஏழு நிமிடம் ஓடும் குட்டிப் படம் ஒன்று எடுத்தார். பெயர் 'அட்வென்ச்சர் டைம்'. நிக்கலோடியன் நிறுவனம் அதைத் தொடராக எடுக்க மறுத்தது. ஆனால், அந்தப் பைலட் இணையத்தில் கசிந்து, பார்த்தவர்கள் எல்லாம் பகிர, ஊரெங்கும் பேச்சானது. கடைசியில் கார்ட்டூன் நெட்வொர்க் வாங்கியது. 2010 முதல் 2018 வரை பத்து சீசன்கள்! அந்தப் பிரதி யாருடைய பீரோவிலாவது தூங்கியிருந்தால், இது எதுவும் நடந்திருக்காது.

இங்கே பிரதியைக் காப்பாற்றும் பழக்கம் நமக்குக் கொஞ்சம் குறைவு. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ல் வெளியானது. இன்று பார்க்கப் பிரதி இல்லை. திரைக்கு வந்து ஓடிய படத்துக்கே அப்படி. திரைக்கே வராததைக் கேட்க வேண்டுமா?

ஆனால், சேர்த்து வைப்பது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. தீப்பெட்டி லேபிளைக் கிழியாமல் பிரித்து நோட்டில் ஒட்டிய தலைமுறை இது. சிவகாசியில் 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு பிறந்தது முத்து காமிக்ஸ். அந்தப் பழைய இதழ்களைப் பழைய புத்தகக் கடைகளில் தூசி தட்டித் தேடுகிற வாசகர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். படித்து முடித்ததும் பொட்டலம் கட்டப் போயிருக்க வேண்டிய காகிதம், யாரோ ஒரு சிறுவன் டிரங்குப் பெட்டியில் வைத்ததால் பிழைத்தது.

உங்கள் வீட்டிலும் இருக்கலாம்

விஸ்காம், அனிமேஷன் படித்த பிள்ளைகள் இப்போது எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்குச் சில விஷயங்கள்.

சட்டம் முதலில். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 'ஐடியா'வைக் காப்பதில்லை. அதை நீங்கள் வரைந்த, எழுதிய வடிவத்தைத்தான் காக்கும். ஆகவே, வாயால் கதை சொல்லிவிட்டு வராமல், எழுத்திலும் படத்திலும் தேதியோடு வைத்திருங்கள். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்குத்தான் சொந்தம். வேலையை விடும்போது, 'என் பைலட்டுக்கு ஒரு பிரதி தருவீர்களா?' என்று எழுத்தில் அனுமதி கேட்டு வாங்குங்கள். பல படங்கள் தொலைவது இந்த இடத்தில்தான். நிறுவனம் மூடும், கம்ப்யூட்டர் ஏலத்துக்குப் போகும், படமும் அதோடு போகும்.

அடுத்தது சேமிப்பு. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வேறு வீட்டில் அல்லது இணையச் சேமிப்பில். சாஃப்ட்வேர் ஃபைலை மட்டும் நம்ப வேண்டாம். ஃபிளாஷில் செய்த எத்தனையோ குட்டிக் கார்ட்டூன்கள், அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷ் பிளேயருக்கு மங்களம் பாடியதும் பிரவுசரில் ஓடாமல் போயின. சாதாரண எம்.பி.4 வடிவத்திலும் ஒன்று எடுத்து வையுங்கள். காகித ஓவியங்களை ஸ்கேன் செய்துவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. பதினைந்து, இருபது வருடத்துக்கு முன்னால் 'பொம்மைப் படம் எடுக்கிறேன்' என்று ராத்திரியெல்லாம் கண் விழித்த பிள்ளை, இப்போது வேறு வேலையில் இருக்கலாம். பரணில் மார்க்கரால் பெயர் எழுதிய சி.டி. ஒன்று கிடக்கலாம். பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன், பிள்ளைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். சி.டி. போட இடமில்லாத லேப்டாப்தான் இப்போது கடையில் கிடைக்கிறது. சி.டி.யைப் பென் டிரைவில் ஏற்றித் தருகிற கடை உங்கள் தெருவில் இன்னும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் வாருங்கள்.