நிறம் நீங்கினால் நீர் தூயதாகுமா?

சாயங்கலந்த நீரில் சிறிதளவு கரிமப் பொடியை இட்டு வெயிலில் வைக்க, நேரஞ்செல்லச் செல்ல நிறம் மங்கி நீர் தெளிகின்றது. காண்போர்க்கு மாயம் போலத் தோன்றும் இதனை அறிவியலார் ஒளிவினையூக்கம் என்பர்.

1972-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்களாகிய ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடின் மீது ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிளந்து காட்டினர். ஆயினும் அப்பொருள் புறஊதாக் கதிரையே ஏற்கும். கதிரவன் ஒளியில் அக்கதிரோ நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கே. இக்குறையைப் போக்க வந்தவையே கரிம நானோ பொருள்கள். 2004-இல் கண்டறியப்பெற்ற கரிமப் புள்ளிகளும், 2009-இல் ஒளிவினையூக்கியென நிறுவப்பெற்ற கார்பன் நைட்ரைடும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் பயன்கொள்ள வல்லவை. ஒளி பட்டதும் அவற்றின் எலக்ட்ரான்கள் கிளர்ந்தெழுகின்றன. நீரிலுள்ள உயிர்வளியோடு வினைபுரிந்து வீரியமிக்க துகள்களைத் தோற்றுவிக்கின்றன. அவை சாய மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன.

வியத்தற்குரியதே! ஆயின், வெளுத்ததெல்லாம் பாலாகுமா? சாயம் முற்றச் சிதைந்து கரியமில வாயுவும் நீருமாக மாறாவிடின், நிறமற்ற நச்சுகள் எஞ்சக்கூடும். உப்போ சிறிதும் குறையாது. திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் சீர்கெட்டதையும், 1992-இல் கட்டிமுடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணைநீர் பயிருக்கு உதவாமற் போனதையும் நாடறியும். அங்கே உழவரின் நிலத்தைக் கெடுத்தது நிறம் மட்டுமன்று. நீரில் கரைந்திருந்த உப்புமாகும். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு அத்துயர் முற்றியது.

ஆய்வுக்கூடங்களிலோ பெரும்பாலும் வடித்த நீரில் மெத்திலீன் நீலத்தைக் கரைத்தே சோதிக்கின்றனர். ஆய்வு எளியதில்தான் தொடங்கவேண்டும் என்பர் சிலர். உண்மையே, ஆனால் அங்கேயே முடிந்துவிடலாகாது. பட்டறைக் கழிவுநீரின் கலங்கலில் ஒளி ஆழ ஊடுருவாது. அதிலுள்ள உப்புகளும் வினையைத் தடுக்கும். இட்ட நானோ பொடியைத் திரும்பப் பிரித்தெடுக்காவிடின் அதுவே புதிய மாசாகும்.

ஆதலின், இத்துறையில் ஈடுபடும் மாணவர்கள் உண்மைக் கழிவுநீரையே குடுவையில் ஏந்துதல் வேண்டும். நிறத்தோடு, எஞ்சிய கரிமத்தையும் அளத்தல் வேண்டும். பொடியை மீட்கும் வழியையும் காட்டுதல் வேண்டும். உப்பைப் பிரிக்கும் சவ்வுகளுக்கு முன்னே சாயச்சுமையைக் குறைக்கும் துணைவனாக இக்கரிமம் நிற்கட்டும். மாசுபடுத்துவோர்க்கு அளிக்கும் உரிமச்சீட்டாக மட்டும் அது மாறிவிட வேண்டா. தெளிந்த நீரைக் கண்டு கண் மகிழலாம். அந்நீரைப் பருகிய பயிர் தழைத்த பின்னரே நெஞ்சம் மகிழ்தல் தகும்.