வரிச்சலுகை இருக்கட்டும், கரண்ட் பில்லை யார் கட்டுறது?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. ஆஃபர்ல "ரிமோட்"னு ஒரு வார்த்தை இருந்தா போதும், நம்ம ராமநாதபுரம் பசங்களுக்கு லாட்டரி அடிச்ச மாதிரி. சென்னையில பிஜி வாடகை கிடையாது, மூணு வேளையும் அம்மா சமையல், சாயங்காலம் கடற்கரை. நானும் அப்படித்தான் நினைச்சேன், எங்க அண்ணன் மண்டபம் வீட்டுல உட்கார்ந்து வேலை பார்க்கிறதைப் பக்கத்துல இருந்து பார்க்குற வரைக்கும்.

முதல்ல மேசை, நாற்காலி. அடுத்து ஃபைபர் கனெக்‌ஷன், அது கட் ஆனா சமாளிக்க இன்னொரு சிம். கரண்ட் போனாலும் மீட்டிங் நிக்கக்கூடாதுன்னு இன்வெர்ட்டர். பகல் முழுக்க ஏசி ஓடி, ரெண்டு மாச ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டிருச்சு. தாண்டினா கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் காசு ஏறாது. 101-லிருந்து 200 வரைக்கும் உள்ள யூனிட்டுக்கும் ரேட் கூடிடும். அப்பா பில்லைப் பார்த்துட்டு, "உன் கம்பெனி நம்ம வீட்டுக்கு வாடகை தருதாடா?"ன்னு கேட்டார்.

"டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்ப்பா"ன்னான் அண்ணன். கழிக்க முடியாது. சம்பளம் வாங்குறவர் வீட்டிலிருந்து வேலை பார்த்தா ஆகும் செலவுக்குன்னு நம்ம வருமான வரிச் சட்டத்தில் தனிக் கழிவு இல்லை. எல்லாருக்கும் பொதுவான நிலைக் கழிவு மட்டும்தான்: புது முறையில் 75,000 ரூபாய், பழைய முறையில் 50,000. ஆபீஸ் போனாலும் அதே, போகாவிட்டாலும் அதே. 2022 பட்ஜெட்டுக்கு முன்னால் பட்டயக் கணக்காளர்களின் அமைப்பான ஐசிஏஐ இதற்குச் சலுகை கேட்டது. கிடைக்கவில்லை. அதே வேலையை ஃப்ரீலான்சரா செய்தால் மட்டும் இன்டர்நெட், கரண்ட் செலவை வருமானத்தில் கழிக்கலாம். ஜெர்மனியில் சம்பளக்காரர்களுக்கே நாளைக்கு 6 யூரோ, வருஷத்துக்கு 1,260 யூரோ வரை கழிவு உண்டு.

அப்போ நாமும் அதைக் கேட்டுப் போராடணுமா? இங்கேதான் நான் கொஞ்சம் மாறுபடுறேன். 2025-26 நிதியாண்டில், புது முறையில், சம்பளம் 12.75 லட்சம் வரை இருந்தால் வரியே இல்லை. நம்மில் பெரும்பாலானவங்களோட முதல் ஆஃபர் அதில் பாதிகூட வராது. அண்ணனும் வரி கட்டுறதில்லை. பூஜ்ஜியத்தில் எதைக் கழிக்கிறது? இந்தச் சலுகை நாளைக்கே வந்தாலும் லாபம் 20 லட்சம் வாங்குற மேனேஜருக்கு, நமக்கு இல்லை.

நம்ம கடற்கரையில் ஒரு பழைய உதாரணம் இருக்கு. விசைப்படகுகளுக்கு விற்பனை வரி இல்லாத டீசலை மாநில அரசு தருது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்கூட, படகுக்கு வருஷத்துக்கு 18,000 லிட்டர் என்பதை 19,000 ஆக்குவதாக அறிவிச்சாங்க. அந்தச் சலுகை டீசல் போடும்போதே கிடைக்குது, வருஷக் கடைசியில் வருமானத்தைப் பார்த்து இல்லை. கடலுக்குப் போக டீசல் வேணும்னா, வேலைக்கு லாகின் பண்ண கரண்டும் இன்டர்நெட்டும் வேணும். ஆனா ஒரு வித்தியாசம். படகுக்காரர் தன் தொழிலுக்குச் செலவு பண்றார். நாம பண்றது கம்பெனியோட தொழிலுக்கு. நாம வீட்டில் உட்கார்ந்ததால் அவங்களுக்கு ஒரு இருக்கை, அதோட கரண்ட், அந்த இடத்துக்கான வாடகை எல்லாம் மிச்சம். மிச்சம் அங்கே, பில் நம்ம அப்பாவுக்கு!

அதனால ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன் ஹெச்ஆர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. லேப்டாப் யாருது? இன்டர்நெட் பில்லைக் காட்டினால் பணம் திரும்பத் தருவீங்களா? மேசை, நாற்காலி, பேட்டரிக்கு ஒரு தொகை உண்டா? கம்பெனி லேப்டாப்பைப் பயன்படுத்துறதுக்கும், கம்பெனி கட்டும் போன் பில்லுக்கும் நம்ம மேல வரி வராது. ஆனா "அலவன்ஸ்"னு சம்பளத்தோடு பணமா தந்தா அது வருமானத்தில் சேரும். இந்த வித்தியாசத்தைத் தெரிஞ்சுக்கிட்டுக் கேளுங்க.

"ஃப்ரெஷர் இதெல்லாம் கேட்டா ஆஃபர் போயிடுமே"ன்னு பயம் வரும். எனக்கும் இருக்கு. ஒருத்தன் கேட்டா அது திமிரு. ஒரு பேட்ச்சே பிளேஸ்மென்ட் செல் மூலமா கேட்டா அது நியாயம். இந்த வருஷமே கேட்டுப் பார்ப்போமே?