மொழிபெயர்ப்புக்கு மட்டும் காசு கிடையாதா?

அக்கா மகள் அகதிகள் சட்டம் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். போன மாதம் போன் பண்ணி, "மாமா, டேனிஷ்ல பேசறதைக் கேட்டு இங்கிலீஷ்ல சொல்ல ஒரு ஆள் வேணும். பட்ஜெட்ல அதுக்கு ஒரு பைசா இல்லை" என்றாள். விமானத்துக்கு இருக்கிறது, ஹோட்டலுக்கு இருக்கிறது, லேப்டாப்புக்கு இருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. துறையில் கேட்டால், "அங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும். இல்லேன்னா டென்மார்க்ல இருக்கிற உங்க தமிழ்ப் பசங்க யாராவது சும்மாவே செஞ்சு குடுப்பாங்களே" என்றார்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் எடுத்திருக்கும் விஷயமே தமிழர் வழக்குதான். இலங்கைத் தமிழ் அகதிகள் மனைவி மக்களை வரவழைத்துக்கொள்ளும் உரிமை 1983 சட்டத்தில் இருந்தது. 1987-ல் நீதி அமைச்சர் நின்-ஹான்சன் அந்த விண்ணப்பங்களை நகரவிடாமல் வைத்தார். விசாரணை அறிக்கை சுமார் 6000 பக்கம். அது வந்ததும் 1993 ஜனவரியில் பிரதமர் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995-ல் அமைச்சருக்கு நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. அத்தனை காகிதமும் டேனிஷில்.

ஓய்வுபெற்ற அதிகாரி இங்கிலீஷில் நன்றாகவே பேசுவார். ஆனால் "தாமதம் ஆனது" என்றாரா, "தாமதப்படுத்தச் சொன்னார்கள்" என்றாரா? வழக்கே அந்த ஒரு விகுதியில்தான் நிற்கிறது. அதை அவர் தன் சொந்த மொழியில் சொல்ல வேண்டும், தெரிந்தவர் கேட்டுச் சொல்ல வேண்டும்.

எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். டேனிஷில் தொண்ணூறு "ஹால்ஃபெம்ஸ்". அதாவது நாலரை இருபது! தொண்ணூற்று மூன்றை "மூன்றும் நாலரை இருபதும்" என்கிற கணக்கில் சொல்வார்கள். அரைகுறை ஆளிடம் வருஷமே மாறிப் போகும்.

"மெஷின் இருக்கே" என்பார்கள். தப்பாகச் சொன்னால் பொறுப்பேற்க மெஷினுக்குக் கையெழுத்து கிடையாது.

"தமிழ்ப் பசங்க" யோசனை இன்னும் மோசம். அந்தப் பையனின் அப்பாவே அன்று குடும்பத்துக்காகக் காத்திருந்தவராக இருக்கலாம். காக்க வைத்த அதிகாரிக்கும் ஆராய்ச்சிக்காரிக்கும் நடுவில் அவனை உட்கார வைத்து, அதையும் ஓசியில் கேட்பதா?

நான் யோக்கியன் இல்லை. 2004-ல், இங்கே புனேயில், நான் இருந்த கிளையில் ஒரு விழுப்புரம் மேஸ்திரிக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். கவுன்டரில் கூட்டம். "சாட்சிக் கையெழுத்து மாதிரிதான், போடுங்கண்ணே" என்றேன். அது ஜாமீன் கையெழுத்து. கடன் வாங்கியவன் ஓடிவிட்டான். மேஸ்திரி 18,000 ரூபாய் கட்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. தமிழ் தெரியும், இந்தி தெரியும், மொழிபெயர்க்கத் தெரியவில்லை.

ஊர்விட்டு வந்த நம் வீடுகளில் பத்து வயசுப் பிள்ளை பாட்டிக்கு டாக்டரிடம் மொழிபெயர்க்கிறது. அதனால்தான் இது வேலையே இல்லை என்று நாமே நினைக்கிறோம். ஊரும் நினைக்கிறது.

அவளிடம் சொல்லிவிட்டேன்: பட்ஜெட்டில் தனி வரி கேள். மணிக் கணக்கில் கூலி கொடு. கேள்விகளை முன்கூட்டியே அனுப்பு. பேச்சைப் பதிவு செய். கட்டுரையில் அவர் பெயரைப் போடு. அதற்குக் காசு இல்லையென்றால் அந்த விமான டிக்கெட்டும் வேண்டாம். புரியாமல் கேட்டுவிட்டு வர எதற்கு அவ்வளவு தூரம்?