சம்பளம் இல்லாப் படிப்பா?

"பையனைப் பட்டணத்துக் கல்லூரியில் சேர்த்துவிட்டேன். சர்க்கார் கல்லூரி. சம்பளம் கட்ட வேண்டியதில்லை" என்று விவசாயக் கூலித் தோழர் ஒருவர் பெருமையோடு சொன்னார். அந்தப் பெருமையில் நமக்கும் பங்குண்டு. ஆனால் சம்பளம் இல்லை என்பதால் செலவும் இல்லை என்று ஆகிவிடுமா? அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறோம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல் பிறந்தது. வெள்ளைக்காரனுக்குக் குமாஸ்தாவும் அதிகாரியும் வேண்டியிருந்தது. நாற்று நட்டவன் வீட்டுப் பிள்ளை அதன் வாசலை மிதிப்பான் என்று அன்று யாரும் எண்ணவில்லை. அந்த வாசலைத் திறக்க நெடுங்காலப் போராட்டம் தேவைப்பட்டது. 1951ல் சென்னை ராஜ்யத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டு அரசியல் சட்டத்தையே திருத்த நேர்ந்தது. இன்று நகரத்துச் சர்க்கார் கல்லூரிகளில் கொத்தனார் பிள்ளையும் மூட்டை தூக்குபவர் பிள்ளையும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், அது யாரும் போட்ட பிச்சையல்ல.

அந்தப் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டு, மின்சார ரயிலில் நின்றுகொண்டே வருகிறான். பல கல்லூரிகளில் இடம் போதாமல் காலை ஒரு ஷிப்டு, மாலை ஒரு ஷிப்டு என்று வகுப்பு நடக்கிறது. காலை ஷிப்டில் படிப்பவன் மதியம் வீடு திரும்புவதில்லை. ஜவுளிக் கடைக்கோ, உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கோ போகிறான். இரவு பத்து மணிக்கு மேல்தான் வீடு. அவன் தங்கையும் படிக்கிறாள் என்றால், அவளுக்கு இரண்டாவது ஷிப்டு அடுப்படியில்.

ஷிப்டு என்றால் என்னவென்று ஆலைத் தொழிலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரட்டை ஷிப்டு பார்த்துவிட்டு வந்து புத்தகத்தைப் பிரித்தால் கண் நிற்குமா? நிற்காது. பரீட்சையில் பாடம் நின்றுபோகிறது. இரண்டு பாடம் நான்காகிறது. ஒருநாள் பையன் கல்லூரிக்கே போவதை நிறுத்திவிடுகிறான். "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று ஊர் சொல்கிறது. படிப்பு ஏறவில்லையா, ஏற விட்டார்களா?

வீட்டின் கணக்கு இன்னொன்று. உழைக்கிற வயதுப் பிள்ளை மூன்று வருடம் படித்தால், மூன்று வருடக் கூலி வீட்டுக்கு வராது. பணக்கார வீட்டுக்கு இது ஒரு செலவே அல்ல. நமக்கு இதுதான் பெருஞ்செலவு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று தகப்பன் அலைகிற ஒவ்வொரு நாளும் கூலி போகிறது. உதவித்தொகையோ வட்டிக்கடை மூழ்கின பிறகு வருகிற மழைபோலத் தாமதமாக வருகிறது.

சர்க்கார் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022லும், ஆண்களுக்கு 2024லும் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் வந்தன. வரவேற்கிறோம். பல பெண்களின் படிப்பைக் கல்யாணப் பேச்சிலிருந்து காப்பாற்ற அது ஒரு பிடி. ஆனால் ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 33 ரூபாய். பட்டணத்தில் அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்குமா?

வகுப்புக்குள்ளும் நம் கதைதான். ஆங்கிலத்தில் பாடம் ஓடும். புரியவில்லை என்று எழுந்து கேட்கக் கூச்சம். நின்று விளக்க வேண்டிய ஆசிரியரோ பல இடங்களில் கௌரவ விரிவுரையாளர். பெயரில் மட்டும் கௌரவம்! மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019ல் சொன்னது. தமிழ்நாட்டில் 2023ல் உயர்த்திய பிறகும் கிடைத்தது 25,000தான். ஆலையில் பதிலித் தொழிலாளி, கல்லூரியில் இவர். பதிலியை வைத்துப் பஞ்சு நூற்கிறான் முதலாளி. பதிலியை வைத்துப் பட்டதாரியை நூற்கிறது சர்க்கார்!

பல்கலைக்கழகத்தின் நிலை என்ன? 2024 பிப்ரவரியில், 424 கோடி ரூபாய் வரி பாக்கி என்று சொல்லி, வருமான வரித்துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. காரணம் என்ன தெரியுமா? பல்கலைக்கழகத்தின் செலவில் பாதியைக்கூட சர்க்கார் மானியம் ஈடுகட்டவில்லை. ஆகவே அதைச் சர்க்கார் பணத்தில் நடக்கும் நிறுவனமாகக் கருத முடியாது என்பது வரித்துறையின் வாதம். பிள்ளைக்குச் சோறு போடாமல் விட்ட தகப்பனை விட்டுவிட்டு, பட்டினி கிடந்த பிள்ளைக்கு அபராதம் போட்ட கதை இது. சோறு போடாதது மாநில சர்க்கார். அபராதம் போட்டது மத்திய சர்க்கார். இருவருக்கும் நடுவில் நசுங்கியது யார்?

கோரிக்கைகள் பெரியவை அல்ல. உதவித்தொகை கல்லூரி திறக்கும் மாதத்திலேயே வரவேண்டும். தூரத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் விடுதியில் இடம் வேண்டும். கல்லூரிக்குள்ளேயே மதியச் சாப்பாடு வேண்டும். காலி இடங்களில் நிரந்தர ஆசிரியர் வேண்டும். பல்கலைக்கழகச் செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும்.

இவற்றை மாணவர்கள் மட்டும் கேட்டால் போதாது. கூலி உயர்வுக்குக் கூடுகிற சங்கக் கூட்டத்தில் பிள்ளையின் படிப்பையும் ஒரு விஷயமாக வையுங்கள். பெருமைப்பட்ட அந்தத் தோழருக்கு நாம் சொல்வது இதுதான்: சம்பளம் இல்லாத படிப்பு என்று இனிச் சொல்லாதீர்கள். அந்தச் சம்பளத்தை உங்கள் வீட்டு அடுப்பும் உங்கள் பிள்ளையின் தூக்கமும் கட்டிக்கொண்டிருக்கின்றன. கட்டியவருக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. கேளுங்கள்!