மாமியார் சொல்லும் ஏட்டின் சொல்லும்



நாமக்கல்லை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பருவத்துக்கு ஏற்ற ஆயுர்வேத வாழ்க்கை முறையைக் கூறும் சிறு புத்தகம் ஒன்று அவர் கைக்குக் கிடைத்ததாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கசப்பும் இனிப்பும் துவர்ப்புமான எளிய உணவை உண்க, வெயிலைத் தவிர்க்க, மாலையில் சந்தனம் பூசி மேல்மாடத்தில் நிலவொளியில் அமர்க என்று அதில் கண்டிருந்ததாம். இதை அவர் வீட்டில் உரக்க வாசித்தபோது மாமியார் சிரித்துவிட்டாராம். "நாலு நாளாய் ஓயாத மழை, நிலா எங்கே இருக்கிறது, மாடியில் போய் உட்கார? பேசாமல் மிளகு ரசம் வை" என்றாராம். "யார் சொல்வது சரி, சாமி?" என்று கேட்டிருக்கிறார்.

மாமியார் மருமகள் வழக்கில் தீர்ப்புக் கூறுவது பங்குத்தந்தைக்கு ஆபத்தான வேலை என்பதை முப்பதாண்டு அனுபவத்தில் கற்றிருக்கிறோம். எனினும் இவ்வழக்கில் துணிந்தே கூறுகிறோம்: மாமியார் சொன்னது சரி. புத்தகமும் தவறன்று. அது வேறொரு வானத்தைப் பார்த்து எழுதப்பட்டது, அவ்வளவே.

அப்புத்தகத்தின் செய்திகள் வாக்படரின் 'அஷ்டாங்க ஹிருதயம்' என்னும் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. அதில் சூத்திர ஸ்தானத்தின் 3-ஆம் அத்தியாயம் முழுவதும் 'ருதுசர்யை', அதாவது பருவ ஒழுக்கம் பற்றியது. அவருக்கு முன்னரே சரகரும் தம் நூலின் 6-ஆம் அத்தியாயத்தில் இதையே பேசியுள்ளார். ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உடலில் வாதம், பித்தம், கபம் ஆகியவற்றுள் எது சேர்கிறது, எது சீறுகிறது எனக் கணக்கிட்டார்கள். கோடையில் சேரும் வாதம் மழையில் சீறும். மழையில் சேரும் பித்தம் மழை ஓய்ந்த சரத் காலத்தில் சீறும். குளிரில் உறையும் கபம் வசந்தத்தின் வெயிலில் உருகிச் சளியாக வெளிப்படும் என்பது அவர்தம் கொள்கை. பின்பனி கழிந்து வெயில் ஏறும் பங்குனியில் நம் பள்ளிப் பிள்ளைகளின் மூக்கைப் பார்த்தவர்கள் இதன் கடைசிப் பகுதியை எளிதில் மறுக்கமாட்டார்கள்.

இடர்ப்பாடு சரத் காலத்தில்தான் எழுகிறது. வடநாட்டில் தென்மேற்குப் பருவமழை புரட்டாசியோடு பெரும்பாலும் விடைபெற்றுவிடும். ஐப்பசியில் வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்திருக்கும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரவில் நிலவு பாலாகப் பொழியும். மழையில் நனைந்து குளிர்ந்திருந்த உடலின்மேல் திடீரென வெயில் படுவதால் பித்தம் பொங்குமென்று கருதி, கசப்பையும் சந்தனத்தையும் நிலவையும் மருந்தாக வைத்தார்கள். நம் நாட்டிலோ அதே ஐப்பசியில்தான் வடகிழக்குப் பருவமழை கால்கொள்கிறது. தமிழர் இம்மாதங்களுக்கு வைத்த பெயரே கூதிர். குளிர்காற்று வீசும் காலம் என்று பொருள். ஆவணியும் புரட்டாசியும் கார். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். மாதக் கணக்கு வடமொழி நூலோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. ஆனால் வானம் ஒத்துப்போகவில்லை.

சேலம், நாமக்கல் சமவெளியில் இக்கணக்கு இன்னும் சிக்கலானது. சேர்வராயன், கல்வராயன், கொல்லி மலைகள் சூழ்ந்த இவ்வட்டாரத்துக்குச் சித்திரையிலும் வைகாசியிலும் இடியோடு கோடை மழை வருகிறது. ஆவணி, புரட்டாசியில் தென்மேற்கு மழை பெரும்பாலும் இரவில் கொட்டுகிறது. அது ஓயுமுன் வடகிழக்கு மழை தொடங்கிவிடுகிறது. ஆக, நம் மழைக்காலம் ஒன்றன்று. சுசுருதர் நூலிலேயே குளிர்காலத்தை ஒன்றாகச் சுருக்கி, மழைக்காலத்தைப் பிராவிருட், வர்ஷா என இரண்டாக விரித்துக் கூறும் மற்றொரு கணக்கும் உண்டு. நாட்டுக்கு நாடு பருவம் மாறும் என்பது பண்டைய வைத்தியருக்குத் தெரியாததன்று. தெரியாதவர்கள் அவர்களிடமிருந்து படியெடுத்துச் சிறு புத்தகம் அச்சிடுபவர்களே.

ஆகவே இச்சமவெளியின் ஐப்பசிக்கு அந்நூலின் மழைக்கால அறிவுரையே பொருந்தும். மழைக்காலத்தில் வயிற்றின் அக்கினி மந்தப்படும் என்கிறார் வாக்படர். பழைய அரிசி, பருப்புச் சாறு, கொதித்து ஆறிய நீர், தேன் ஆகியவற்றைக் கொள்ளச் சொல்கிறார். பகல் உறக்கத்தையும் ஆற்று நீரையும் விலக்கச் சொல்கிறார். மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு சேர்ந்த ரசம் இந்த அறிவுரையின் தமிழ் வடிவமே அன்றி வேறென்ன? எனினும் மருமகள் தம் புத்தகத்தை வீசிவிட வேண்டாம். அதில் கூறியுள்ள கசப்புக்கு நம் ஊரிலும் இடமுண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

அந்நூல்களில் நாம் பெரிதும் மதிப்பது எந்தெந்தப் பருவத்தில் எதை உண்பது என்னும் பட்டியலை அன்று. பருவத்துக்கும் பருவத்துக்கும் இடையே உள்ள சந்தியைப் பற்றிய விதியையே. போகும் பருவத்தின் கடைசி 7 நாட்களும் வரும் பருவத்தின் முதல் 7 நாட்களும் ஆகிய 14 நாட்களை 'ருதுசந்தி' என்கிறார்கள். அந்நாட்களில் பழைய வழக்கத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, புதிய வழக்கத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் நோய் வரும் என்கிறார் வாக்படர். பழகிய ஒன்றைக் கைவிடுவதற்கு நாலில் ஒரு பங்காகக் குறைத்துச் செல்லும் முறையையும் வேறோர் அத்தியாயத்தில் சொல்லியிருக்கிறார். நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. பங்குனியில் முதல் வெயில் அடித்த அன்றே குளிர்சாதனப் பெட்டியின் தண்ணீர் வாய்க்குப் போகிறது. மழை ஓய்ந்த மறுநாளே பிள்ளைகள் ஈரத் தரையில் வெறும் உடம்போடு விளையாடுகிறார்கள்.

குருமடத்தில் பயின்ற நாட்களில் பழைய வழிபாட்டு நாள்காட்டி ஒன்றைப் புரட்டியபோது, ஆண்டின் நான்கு பருவங்களிலும் புதன், வெள்ளி, சனி என மும்மூன்று நாட்கள் ஒருசந்தி குறிக்கப்பட்டிருக்கக் கண்டோம். மூத்த வாசகர்கள் அதை நினைவுகூரக்கூடும். அது செபத்துக்கும் தவத்துக்கும் ஏற்பட்டதே. உடல்நலத்துக்கென்று யாரும் சொல்லவில்லை. ஆயினும் பருவம் திரும்பும்போது வயிற்றுக்குச் சற்று ஓய்வு கொடுப்பது இரு மரபுக்கும் பொதுவாக இருந்திருக்கிறது. அதுவும் உரோமாபுரியின் பருவக் கணக்கே என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை!

இந்தப் பதினான்கு நாள் சலுகை கிட்டாத ஒரு கூட்டத்தார் நம்மிடையே உள்ளனர். அவர்கள் நம் லாரி ஓட்டுநர்கள். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் மார்கழியில் பாரம் ஏற்றிப் புறப்படுபவர், இங்கே பகல் வெயிலில் வியர்த்து, சில நாட்களில் விந்திய மலையைத் தாண்டி, பஞ்சாபின் உறைபனிக்குள் நுழைகிறார். ஏட்டில் இரண்டு வாரம் கேட்கும் மாற்றத்தை அவர் உடல் ஐந்து நாளில் தாங்கவேண்டியிருக்கிறது. அவர் வீட்டுப் பெண்களுக்கு நாம் சொல்வது: கம்பளியும் காதுக்குத் துணியும் வெந்நீர்க் குடுவையும் முதலில் வண்டியில் ஏறட்டும், ஊறுகாய் பிறகு ஏறலாம். திரும்பி வந்த அன்றே தலைக்கு எண்ணெய் வைத்து அரப்புத் தேய்த்து முழுக்காட்டும் அன்பை இரண்டு நாள் தள்ளிவையுங்கள். உறக்கமே அவருக்கு அப்போது மருந்து.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். நீரைக் காய்ச்சிக் குடி, மோரில் நீரைப் பெருக்கு, நெய்யை உருக்கி உண் என்பன தேரையர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ விதிகள். மழைக்காலத்துக்கு இவற்றைவிடச் சிறந்த அறிவுரை இல்லை. ஆனால் காய்ச்சுவது என்றால் சுண்டக் காய்ச்சுவது என்று பலர் எண்ணுகின்றனர். சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி. பிள்ளைகளின் பற்களில் காணும் காவிக் கறை அதன் அடையாளம். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு சாகாது. நீர் சுண்டச் சுண்ட அது செறிந்துபோகும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், இறக்கிவிடலாம். குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் குடிநீர் வரும் ஊர்களில் அதையே பயன்படுத்துங்கள்.

இனி, கசப்பைப் பற்றிக் கூறுவோம். கூறுவது நமக்கும் கசப்பானதே.

2017-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தமிழகமெங்கும் டெங்குக் காய்ச்சல் பரவியது. சேலம் மாவட்டமும் தப்பவில்லை. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகிய ஒன்பது சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீரை அரசே எங்கும் வழங்கிவந்தது. நம் பங்கிலும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஆளுக்கொரு சிறு டம்ளர் வழங்கினோம். குடித்தால் காய்ச்சல் அண்டாது என்று ஒலிபெருக்கியில் நாமே சொன்னோம். அப்படிச் சொல்ல நமக்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை.

விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகன், ஒன்பது வயதுச் சிறுவன், அவ்வாரம் காய்ச்சலில் விழுந்தான். மூன்று நாட்கள் பாட்டி அந்தக் குடிநீரையே கொடுத்தார். நான்காம் நாள் காலையில் உடம்பு சில்லிட்டு, காய்ச்சல் விட்டது. மாதா சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றுவதற்காகப் பாட்டி அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார். நாமும் மகிழ்ந்து, சிறுவனின் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசி அளித்தோம். அருகில் இருந்த கன்னியர் ஒருவர், முன்பு செவிலியராகப் பணியாற்றியவர், அவன் கையைத் தொட்டுப் பார்த்தார். விரல்கள் பனிக்கட்டியாயிருந்தன. இரவெல்லாம் வாந்தி, வயிற்றுவலி என்று அப்போதுதான் பாட்டி சொன்னார். நாம் பேசி முடிக்குமுன் அந்தச் சகோதரி ஆட்டோவை அழைத்துவிட்டார்.

சிறுவன் ஐந்து நாட்கள் மருத்துவமனையில் சொட்டுநீர் ஏற்றப்பட்டுப் பிழைத்தான். இறைவனுக்கு நன்றி. பார்க்கச் சென்ற நம்மிடம் பாட்டி குறையாக ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க குடுத்த மருந்துங்க சாமி, அதனாலதான் ஆஸ்பத்திரிக்குப் போகலீங்க" என்று மட்டும், வெகு சாதாரணமாகச் சொன்னார்.

டெங்குவில் ஆபத்துக் காலம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும்போதுதான் தொடங்குகிறது என்பதை மருத்துவர் விளக்கியே நாம் அறிந்தோம். நோய் தொடங்கிய 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். இரத்த அழுத்தம் விழும். தொடர்ந்த வாந்தி, வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், குளிர்ந்த கை கால், மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. இரத்தக் கசிவை அவை மிகுதிப்படுத்தும். பாரசிட்டமால் மட்டும், வயதுக்கேற்ற அளவில் கொடுக்கலாம்.

ஏடீஸ் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை, நல்ல நீரில் பிறக்கிறது, பகலில் கடிக்கிறது. தண்ணீர் வராதோ என்று அஞ்சி நாம் நிரப்பிவைக்கும் சிமெண்டுத் தொட்டி, திறந்த பீப்பாய், பயனற்ற ஆட்டுரல், எல்லாவற்றுக்கும் மேலாக நம் வட்டாரத்துப் பட்டறைகளில் குவிந்து கிடக்கும் பழைய லாரி டயர்கள் ஆகியவையே அதன் தொட்டில்கள். தொட்டியின் விளிம்பில் ஒட்டிய முட்டை, நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆகவே நீரைக் கொட்டிவிடுவது போதாது. வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாக்படருக்குத் தெரியாத செய்தி இது. தெரிந்திருந்தால் ருதுசர்யையில் முதல் வரியாக எழுதியிருப்பார் என நம்புகிறோம்.

நிலவேம்பை நாம் கைவிட்டோமா என்று கேட்பீர்கள். இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சித்த மருத்துவப் பிரிவில் வாங்கி, அவர் சொன்ன அளவில் இன்றும் வழங்குகிறோம். ஆனால் டம்ளரைக் கையில் கொடுக்கும் இளைஞர், மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளை ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். வரிசை நீள்கிறது, சிலர் முணுமுணுக்கிறார்கள். நீளட்டும்.

கடிதத்தின் கடைசியில் மருமகள் இன்னொன்றும் கேட்டிருக்கிறார். சந்தையில் விற்கும் பெயரில்லாத பஸ்பமும் லேகியமும் வாங்கலாமா, கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்கிறார். வேண்டாம். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. உரிம எண்ணும் தயாரித்தவர் முகவரியும் இல்லாத பொட்டலம் எதையும் வாயில் இடாதீர்கள். லேகியம் என்பதோ பெரும்பாலும் வெல்லப் பாகில் கிண்டியது. தீபாவளிக்கு அடுத்த வீட்டார் அன்போடு கொடுத்தாலும் கணவர் சுண்டைக்காயளவோடு நிறுத்திக்கொள்ளட்டும். மாமியாரின் மிளகு ரசத்துக்கு அந்தத் தடை ஏதும் இல்லை.

கோடையைப் பற்றியும் எழுதுமாறு கேட்டிருந்தவர்களுக்குப் பங்குனி இதழில் பதில் எழுதுவோம்.