பசி வயிற்றிலா, மனத்திலா?



ஆரணியில் தறியின்முன் அமர்ந்து பட்டு நெய்பவரைக் கண்டிருப்பீர்கள். பாவில் ஓரிழை அறுந்தால் தறியை நிறுத்தி, அதை முடிந்த பின்னரே மேலே நெய்வார். சோற்றுத் தட்டின்முன் நம்மில் எத்தனை பேர் அவ்வாறு ஒரு கணம் நிற்கிறோம்?

2024 ஆகஸ்ட் 7ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத், 50 கிலோ மல்யுத்தப் பிரிவில் 100 கிராம் மிகுந்தமையால் இறுதிப் போட்டிக்கு முன்பே நீக்கப்பட்டார். இரவெல்லாம் உடலை வருத்தியும், கூந்தலைக் கத்தரித்தும் பயனில்லை. தராசே எசமானனாகும் களத்தில் உணவு உணவாக இருப்பதில்லை. சிலருக்கு அச்சமாகிறது, சிலருக்கு ஆறுதலாகிறது. தோற்ற இரவில் துக்கத்தை மறக்க உண்பதும், பிறகு குற்றவுணர்வால் பட்டினி கிடப்பதும், அப்பட்டினியே மீண்டும் பெருந்தீனிக்கு இழுப்பதும் கொடிய சுழல்.

2009இல் சென்னை அணிக்கு ஆடிய இங்கிலாந்து வீரர் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃபை இளைஞர்கள் அறிவர். உண்டதைத் தாமே வாந்தியெடுக்கும் நோய்க்கு ஆளானதை 2020இல் அவர் வெளிப்படையாகக் கூறினார். உடற்பருமனைப் பத்திரிகைகள் கேலி செய்ததும் அதற்கு ஒரு காரணம் என்றார். பிறரைப் பரிகசிப்பதை அல்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் தடுத்திருக்க, 'குண்டன்' என்று சொந்தப் பிள்ளையையே அழைக்கும் வீடுகள் நம்மிடையே இல்லையா?

கவனத்தோடு உண்ணுமாறு இன்றைய உளவியலார் விளையாட்டு வீரர்களுக்குக் கற்பிக்கின்றனர். இது வயிற்றின் பசியா, மனத்தின் கலக்கமா எனத் தன்னையே கேட்பது. மெல்ல மென்று, போதுமென்று தோன்றும் இடத்தை அறிவது. இறைவன் பெயர் கூறித் தொடங்கவும், தன் பக்கத்திலிருந்தே எடுத்துண்ணவும் ஒரு சிறுவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததில் இந்நிதானம் உண்டு. ஓடிவந்த களைப்பிலும் ஒருவனை நிறுத்திவிடுகிறது அந்த பிஸ்மில்லாஹ். (நாமோ வாய் நிறைந்த பிறகே அதை நினைக்கிறோம்!)

ஒன்றை அழுத்திச் சொல்வேன். நோன்பு எடை குறைக்கும் கருவியன்று. இந்நோய் உள்ளவர்க்குப் பட்டினி மருந்துமன்று, கேட்டையே மிகுவிக்கும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்துள்ளது. களத்தில் ஆடும் உங்கள் மகனோ மகளோ ஒளித்து உண்கிறார்களா, உண்டவுடன் குளியலறைக்கு விரைகிறார்களா என்று பாருங்கள். கண்டால் அதட்டாதீர்கள். அருகமர்ந்து கேளுங்கள், தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.